சதுரங்கப்பட்டினம் போகும் வழியெல்லாம் கேப்பு

பத்தாம் வகுப்போடு நான் பள்ளியை விட்டேன். அதே சமயம் என்னுடன் படித்த திவ்யாவின் குடும்பம் சதுரங்கப்பட்டினத்துக்குக் குடிபோனது. சண்டை எதுவும் இல்லை, பேச்சு குறைந்து குறைந்து நின்றுவிட்டது. ஒரு வருடம் கழித்து, போன வாரம் "வாயேன்" என்று மட்டும் செய்தி அனுப்பினாள். நேரில் போனால் பேச ஏதாவது இருக்குமா என்ற பயத்தோடுதான் ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

காலை ஏழரைக்குக் கருங்குழியில் பஸ் ஏறி எட்டே காலுக்குச் செங்கல்பட்டில் இறங்கினேன். சதுரங்கப்பட்டினம் வண்டி அப்போதுதான் போயிருந்தது. "அடுத்த வண்டிக்கு முக்கா மணி கேப்பு கீது. நாஸ்தா துன்னுட்டு வாம்மா," என்றார் பூக்கடை அக்கா. இரண்டு இட்லி, ஒரு வடை, முப்பது ரூபாய்.

அங்கிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். டிக்கெட் இருபத்து நான்கு ரூபாய். காலிக் கூடையோடு ஏறிய மீன்கார அம்மா, "கொஞ்சம் கேப்பு குடு கண்ணு," என்று பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னா படிக்கிற?"

"பத்தாவதோட நின்னுட்டேன்."

"கேப்பு வுட்டுகினு கீறியா? செரி, அந்த ஜன்னல சாத்து, மூஞ்சில காத்து அடிக்குது."

அவர் தூங்கிவிட்டார். நான் திருக்கழுக்குன்றம் தாண்டியும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் என் படிப்பு நின்றுபோனது என்றுதான் சொல்வார்கள். கேப்பு என்றால் அதற்கு அந்தப் பக்கமும் ஏதோ இருக்க வேண்டும் அல்லவா?

திவ்யா நிறுத்தத்தில் நின்றிருந்தாள். "வெயிலு ஜாஸ்தி," என்றாள். "ஆமா," என்றேன். டச்சுக் கோட்டை வரை அவ்வளவுதான் பேச்சு. உள்ளே செங்கல் மதில் ஓரம் நிழலில் உட்கார்ந்தோம். அவள் எங்கள் நடுவில் இருந்த தரையைப் பார்த்தாள்.

"இன்னாடி, நடுவுல ஆட்டோவே போவும் போலகீது. யாருக்கு இவ்ளோ கேப்பு வுட்டு குந்திகினு கீற?"

சிரித்துவிட்டேன். நகர்ந்து உட்கார்ந்தேன். அதற்கப்புறம் இரண்டு பேருமே மூச்சு விடாமல் பேசினோம்.

போகிறவர்களுக்கு: கோட்டையில் எங்களிடம் கட்டணம் கேட்கவில்லை. நிழல் குறைவு, தண்ணீர் எடுத்துப் போங்கள். திரும்பும் வண்டி நேரத்தை இறங்கியதுமே விசாரித்துக்கொள்ளுங்கள். பேச்சு சுவாரசியத்தில் மூன்றரை மணி வண்டியை நான் தவறவிட்டேன். அடுத்ததற்கு ஒரு மணி நேரம் கேப்பு. எங்களுக்கு அது பத்தவில்லை.