தைத்து மூடிய கடைசி அத்தியாயம்

வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் என் மனைவிக்கு இதய ஆபரேஷன். நாலு மணி நேரம் என்றார்கள். ஆறு மணி நேரமாகியும் கதவு திறக்கவில்லை. பக்கத்து நாற்காலி அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வேலையாம். கட்டைவிரல் காய்த்துக் கறுத்திருந்தது. நான் கதவுவரை போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரே புத்தகத்தை நீட்டினார்.

"படிங்க பிரதர். புதுசா வந்த நாவல். கல்யாணத்துக்கு மொத நாள் பாஸ்டர் பொண்ணு காணாம போய்ட்றா. கட்டிக்கப் போறவன் தேடித் தேடி ஜெபம் பண்றதையே வுட்டுட்றான். காதலும் இருக்கு, விசுவாசமும் இருக்கு."

தொல்லை தாங்காமல் வாங்கினேன். கடைசிப் பக்கத்தை முதலில் பார்ப்பது என் பழக்கம். கடைசி அத்தியாயம் திறக்கவில்லை. ஷூ தைக்கும் மெழுகு நூலால் ஓரம் முழுக்க நெருக்கமாகத் தைத்திருந்தது.

"அந்தப் பொண்ணு கெடைச்சிட்றாளா?"

"தெரியாது பிரதர். எம் பையன ஆபரேஷனுக்கு உள்ள கூட்டினு போனப்ப நான்தான் தச்சேன். பையில எப்பவும் ஊசி நூல் இருக்கும். அவன் வெளிய வந்தப்பறம் பிரிச்சிப் படிக்கலாம்னு."

அதற்குள் என்னைக் கூப்பிட்டார்கள். புத்தகத்தை நாற்காலியில் போட்டுவிட்டு ஓடினேன். எல்லாம் நல்லபடி முடிந்தது என்றார் டாக்டர்.

அரைமணி கழித்துத் திரும்பியபோது அவர் இல்லை. புத்தகம் என் நாற்காலியிலேயே இருந்தது. நூல் அறுந்திருந்தது.

மகன் வந்துவிட்டான் என்று அறுத்தாரா, இனிக் காத்திருக்க எதுவுமில்லை என்று அறுத்தாரா? கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். அந்தப் பெண் கிடைத்துவிடுகிறாள். எனக்குத் தெரியவேண்டியது அது அல்ல.