மதகில் திரும்பாத சப்பரம்

உப்பையும் மிளகையும் கலந்து உள்ளங்கையில் மூடிக்கொண்டால், சற்று நேரத்தில் வியர்வையில் உப்பு கரைந்து கை பிசுபிசுக்கும், மிளகு மட்டும் விரலிடுக்கில் உருளும். வருஷா வருஷம் அந்தோணியார் திருவிழாவன்று சாயங்காலம் பாவாடைச் சிறுமியாக அப்படி மூடிய கையோடு வாய்க்கால் மதகின்மேல் நின்றதுதான் என் சிறு வயது என்றதும் முதலில் நினைவுக்கு வருகிறது. பாபநாசத்துக்கு அருகே வயல்களுக்கு நடுவில் இருந்த எங்கள் ஊரில் எல்லோரும் கிறிஸ்தவ வேதக்காரர்கள். கோயில் ஒன்று, ஞானஸ்நானத் தொட்டி ஒன்று, தெரு மட்டும் இரண்டு. அந்தோணியார் சொரூபத்தைச் சுமந்த சப்பரம் பெரிய தெருவில் வீட்டுக்கு வீடு நின்று வரும். அந்த வீட்டுப் பெண்கள் தங்கள் வாசலில் நின்றபடியே உப்பு மிளகைச் சப்பரத்தில் போட்டு வேண்டிக்கொள்வார்கள். மதகு வந்ததும் சப்பரம் இடது பக்கம் திரும்பிக் கோயிலுக்குப் போய்விடும். மதகுக்கு அந்தப் பக்கம் எங்கள் தெரு. நாங்கள் மதகில் நின்று எட்டத்திலிருந்து வீச வேண்டும். சாதி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், "வழக்கம்" என்பார்கள். கடவுள் எங்கும் இருக்கிறார் என்று ஒப்பிக்க வைத்த உபதேசியாரிடம், மதகு வரைக்கும்தானா என்று கேட்டு நான் பிரம்படி வாங்கியிருக்கிறேன்.

என் அம்மா நடவுக்குப் போகிறவள்; தெருப் பெண்களை வேலைக்குக் கூட்டிப் போவதும் அவள்தான். தம்பி விஷக் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் வீட்டு வாசலில் உப்பு மிளகு போடுவதாக அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டாள். தம்பி பிழைத்துவிட்டான். மூன்று திருவிழா கடந்தும் நேர்த்திக்கடன் அப்படியே நின்றது. மதகிலேயே போட்டுவிட்டால் என்ன என்று அப்பா கேட்டார்.

"நான் வாசல்னுதான் சொல்லியிருக்கேன். அவருகிட்டப் பொய் சொல்ல முடியாது" என்றாள் அம்மா.

பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த இளம் சாமியாரிடமும் போய்க் கேட்டாள். அவர் நல்ல மனிதர், பிரசங்கத்தில் சமத்துவம் தூள் பறக்கும். ஆனால் பிரச்சினை வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். "அந்தோணியாருக்கு எங்க தெரு தெரியாதுங்களா சாமி?" என்று கேட்டுவிட்டு அம்மா திரும்பி வந்துவிட்டாள்.

பெரிய தெருவில் வீட்டுக்கு ஒருவர் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின, பூசையில் "பாரின் சென்ட்" வாசனை சாம்பிராணியோடு மல்லுக்கு நின்றது. எங்கள் தெரு ஆண்கள், அப்பா உட்பட, திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். சப்பரத்தின் "வாரை", அதாவது தூக்குமரம், பதினாறு தோள் கேட்கும். நாலாம் வருஷத் திருவிழாவுக்குப் பெரிய தெருவில் தேறியவர்கள் ஒன்பது பேர், அதில் இருவர் மூட்டுவலிக்காரர்கள். தூக்கினார்கள், பத்தடி நடந்தார்கள், கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் இறக்கிவிட்டார்கள்.

அம்மா நடவுக்குச் செருகுவதுபோல் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்வாரைக்குப் போனாள். பின்னாலேயே எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர். பொம்பளைகள் தூக்குகிற வழக்கம் இல்லை என்று பெரிய தெரு நாட்டாண்மை குறுக்கே வந்தார்.

"அந்தோணியாரைத் தரையில வெக்கிற வழக்கமும் இல்லீங்களே" என்றாள் அம்மா.

அவர் சாமியாரைப் பார்த்தார். சாமியார் செபப் புத்தகத்தைப் பார்த்தார். அதற்குள் சப்பரம் எழும்பிவிட்டது, முன்னால் பெண்கள், பின்னால் ஆண்கள். மழையிலும் சேற்றிலும் நாற்றுக்கட்டு சுமந்தவர்கள், நடவில் ஒருத்தி கால் எடுத்தால் அத்தனை பேரும் எடுத்துப் பழகியவர்கள். பெரிய தெருவில் ஒரு வாசலையும் விடாமல் நின்று நின்றுதான் போனார்கள். மதகு வந்தது. "இடது பக்கம், இடது பக்கம்" என்று பின்னாலிருந்து சத்தம். முன்வாரை திரும்பவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஒன்று கூடவே வர வேண்டும், இல்லையென்றால் அந்தோணியாரைக் கீழே போட வேண்டும். அதற்கு யாருக்குத் துணிச்சல் வரும்? சப்பரம் மதகைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் வந்தது. நாட்டாண்மையும் வந்தார், அதுதான் எனக்குப் பெரிய வேடிக்கை.

எங்கள் வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது, அம்மாவுக்கு உப்பு மிளகு போடக் கை இல்லை. தோளிலும் இரண்டு கையிலும் வாரை. என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். வீட்டுப் படியில் நின்று, மூடியிருந்த கையைத் திறந்து, இருந்த வேகத்தையெல்லாம் சேர்த்து வீசினேன். பாதி அந்தோணியார்மேல் விழுந்தது, பாதி அம்மாவின் தலைமேல். அவள் தட்டிவிடவே இல்லை. எனக்கு அழுகை வந்தது. விசுவாசம் என்ற சொல்லை எங்கே கேட்டாலும் எனக்கு இன்றும் அந்தத் தலைதான் நினைவுக்கு வருகிறது.

இப்போது சப்பரம் டிராக்டரில் வருகிறது, ஜெனரேட்டர் வெளிச்சத்தோடு, எங்கள் தெருவுக்கும் சேர்த்து. தோளில் வரும் அழகு போய்விட்டதே என்று வெளிநாட்டிலிருந்து ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப்பில் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் கிடையாது. போனவற்றில் போக வேண்டியதும் உண்டு. போகாமல் நிற்பதைத்தான் நான் பார்க்கிறேன். கல்லறைத் தோட்டத்தின் குறுக்குச்சுவர் அப்படியே நிற்கிறது. பெரிய தெருப் பிரேதத்துக்கு முன்வாசல், எங்களுக்கு வாய்க்கால் பக்கத்துச் சந்து.

போன திருவிழாவுக்குப் போயிருந்தேன். கோயில் பின்கட்டில் கறையான் அரிக்கக் கிடந்த வாரைகளை அம்மா கேட்டு வாங்கி, எண்ணெய் பூசி, வீட்டுச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தாள். எதற்கம்மா இது என்றேன்.

"என்னைத் தூக்கிட்டுப் போறப்ப முன்வாசல் வழியாத்தான் போவணும். முன்வாரைக்குப் பொம்பளைங்க வாங்க" என்றாள்.

முன்னால் நான் நிற்பேன் என்று சொல்லியிருக்கிறேன். அவளிடம் பொய் சொல்ல முடியாது.