மூடுபனியில் பின்பக்கமாக நடந்தவன்

கடலோர மூடுபனி உள்நாட்டுக்குள் எவ்வளவு தூரம் வருகிறது என்று அளக்கப் பெரிய காஞ்சிபுரம் வந்திருக்கிறேன். இன்னும் சரியாக விடியவில்லை. தெருமுனையில் லாந்தரை வைத்துவிட்டு, அது பனியில் மறையும்வரை பின்பக்கமாகவே நடந்து தப்படி எண்ணுகிறேன். நாற்பத்தொன்றில் முதுகை ஏதோ தடுக்கிறது. பேய் என்று பதறித் திரும்புகிறேன்; பேயாக இருந்திருந்தால் தேவலை. தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருக்கும் பட்டுப் பாவு, தறியில் ஏற்றப்போகும் நீள இழைகள். அதன் இழைகள் என் தொப்பைக்கு நேரான சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொள்கின்றன.

“ஆடாம நில்லு சார்! கல்யாணப் புடவைப் பாவு!” என்று நெசவாளி ஓடி வருகிறார்.

“பின்பக்கமா நடந்துக்கினு என்னா சார் வேலை?”

“பனியை ஆராய்ச்சி பண்றேங்க.”

“அப்ப எப்ப விலகும்னு சொல்லு. ஈரக் காத்துலதான் இழை தாங்கும். வெயில் ஏறுனா அறுந்துடும்.”

“அதைக் கண்டுபிடிக்கத்தான் கவர்மெண்டு என்னை அனுப்பியிருக்கு.”

“நல்லா அனுப்புனாங்கபா.”

இடுப்பிலிருந்து கத்தரியை எடுக்கிறார். நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். நறுக்கென்று ஒரு சத்தம். பொத்தான், பிடித்திருந்த சட்டைத் துணியோடு அவர் உள்ளங்கையில் இருக்கிறது. இழைகளை ஒவ்வொன்றாக விடுவித்து விரலால் தடவிப் பார்க்கிறார்.

“ஒண்ணும் அறல. போ சார்.”

அப்போதுதான் மூச்சு விடுகிறேன். அதுவும் பாவின் மேல் பட்டுவிடாமல், வாயைப் பொத்திக்கொண்டு.