ரப்பர் இலையின் வாய்கள்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, மறதியும் உண்டு. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே மலேசியாவில், சுங்கை லாலாங் கோயில் மாதர் குழுவோடு பஸ்ஸில் ஒரு ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தைப் பார்க்கப் போனேன். ஒரு ரப்பர் தோட்டமளவு பெரிய இடம். ஓர் அறையில் ரப்பர் இலைத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் வைத்திருந்தார்கள். இளமையெல்லாம் பால் வெட்டிய மரமாயிற்றே, பார்க்க ஆசையாக இருந்தது.

குனிந்து பார்த்தால் வெறும் பச்சைப் புகை. பின்னால் நீண்ட வரிசை. வெட்கத்தில், "தெரியுதும்மா, ரொம்ப அழகு" என்று சொல்லி நகர்ந்தேன்.

அங்கே வேலை செய்யும் தமிழ்ப் பெண் மெதுவாக என் கையைப் பிடித்தாள். "இருங்க பாட்டி, இன்னும் உங்க கண்ணுக்கு ஏத்த மாதிரி திருப்பவே இல்லலா. எனக்கும் முதல்ல ஒன்னும் தெரியல."

என் விரல்களை ஒரு திருகின் மேல் வைத்தாள். மெல்லத் திருப்பினேன். புகை விலகியது. இலை முழுக்கச் சின்னச் சின்ன உதடுகள்.

"அதெல்லாம் வாய், பாட்டி. அது வழியாத்தான் மரம் மூச்சு விடுது."

பின்னால் நின்ற பக்கத்து வீட்டுச் சரசு, "அது பேசுற வரைக்கும் நிப்பீங்களாக்கா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் நகரவில்லை.

ஒரு பொய்யால் இதைப் பார்க்காமலே வீடு திரும்பியிருப்பேன். இப்போது தெரியாததைத் தெரியாது என்றே சொல்கிறேன்.

இரவில் அந்த வாய்கள் மூடிக்கொள்ளும் என்று அவள் சொன்னதாக ஞாபகம். நாங்கள் பால் வெட்டப் போனது விடியுமுன் இருட்டில். அப்போது அவை மூடியிருந்திருக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள்.