சுடாத கையும் பனங்கட்டை வீடும்

தார் டின்னின் கம்பிப் பிடி அடுப்புச் சூட்டில் காய்ந்திருந்தது. மற்றவர்கள் கோணியைச் சுற்றிப் பிடித்தார்கள். நான் வெறும் வலது கையால் தூக்கிக்கொண்டு இருபதடி நடந்தேன். உதவிக்கு வந்திருந்த மணி, "இரும்புக் கைப்பா உன்னுது" என்றான். நானும் பல்லைக் காட்டினேன். என் நோயின் முதல் அறிகுறி இப்படி ஒரு பாராட்டாகத்தான் வந்தது. இப்போது நினைத்தாலும் அந்தப் பல்லைத் தட்டவேண்டும் போலிருக்கிறது.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. அடி அண்ணாமலையில் எங்கள் நிலத்தின் கோடியில் ஒரு பழைய வீடு இருந்தது. ஏதோ ஒரு புயலில் சாய்ந்த பனைகளை வீணாக்க மனமில்லாமல் அப்பா கட்டியது. கட்டைகளைப் படுக்கைவாட்டில் அடுக்கி, இடுக்குகளில் மண் பூசி, மேலே நாட்டு ஓடு போட்டிருந்தார். அவர் போனபின் கரையான்தான் அதில் குடியிருந்தது. ஊருக்குள் அண்ணன் குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தோம். இதைச் சரிசெய்தால் மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டைகளையாவது இங்கே போடலாம் என்று நானே இறங்கினேன்.

உளுத்த கட்டையை வாச்சியால் செதுக்கி எறிந்து, நல்ல கட்டையை அளவுக்கு வெட்டிச் செருகினேன். மண்ணைத் தொடும் பாகத்துக்கெல்லாம் கொதிக்கும் தார் அடித்தேன். கரையானுக்கு எங்கள் பக்கம் அதுதான் மருந்து.

மறுநாள் காலை சுண்டுவிரல் ஓரமெல்லாம் கொப்புளம்.

"இவ்ளோ கொப்புளம் வந்திருக்குது, எரியலையா உங்களுக்கு?" என்று கேட்டாள் என் மனைவி பச்சையம்மாள்.

"வேலை செய்யற கை. காய்ச்சிப் போயிருக்குது" என்றேன்.

அதே பதிலை நாலு மாதம் சொன்னேன். பனஞ்சிலாம்பு ஏறிச் சீழ் வைத்தபோதும் அதையே சொன்னேன். முழங்கைக்குக் கீழே வெளிறிய படை ஒன்று இருந்தது. தேமல் என்று மஞ்சள் பூசினேன். மண்ணிலும் மரத்திலும் வேலை செய்கிறவர்களுக்கு உணர்ச்சியில்லாத கை பெருமையாகப் படும். இதைப் படிக்கும் உங்களுக்கும் அப்படி ஒரு இடம் உடம்பில் இருந்தால் பெருமைப்படாதீர்கள். இன்றே போய்க் காட்டுங்கள்.

வாச்சி கையிலிருந்து நழுவ ஆரம்பித்தபிறகுதான் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணை மூடச் சொல்லிவிட்டு டாக்டர் பஞ்சால் தொட்டார். "எங்க தொடறேன்னு விரலால காட்டுங்க" என்றார். நான் காட்டவில்லை. அவர் இன்னும் தொடவே ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு முழங்கையின் உட்புறத்தை அழுத்தினார். அல்நார் நரம்பு (சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் உணர்வு தரும் நரம்பு) கயிறாய்த் தடித்திருந்தது.

"தொழுநோய்ங்க" என்றார். ஊரில் அதைப் பெருவியாதி என்பார்கள். "உங்களுக்கு வந்திருக்கிற வகை மத்தவங்களுக்குப் பரவாது. மாத்திரைய விடாம சாப்பிட்டா நோய் போயிடும். செத்துப்போன நரம்பு மட்டும் திரும்பி வராது."

"நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா, சார்?"

அவர் சீட்டு எழுதுவதில் மும்முரமானார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மேல் அல்ல.

அன்று சாயங்காலமே அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "அந்தப் பனங்கட்டை ஊடு பாதி ஆயிடுச்சில்ல. நீ அங்கயே இருந்துக்கடா. சோறு அனுப்பிடறோம்."

"பரவாதுன்னு டாக்டரே சொல்றாருண்ணா."

"டாக்டரா வந்து என் பொண்ணுக்கு மாப்ள பாப்பாரு?"

மூட்டை போடுவதற்காகச் சரிசெய்த இடத்தில் என்னைப் போடுகிறார்கள். பாதிக் கூரையில் ஓடுகூட இல்லை. நான் கத்துவதற்குள் பச்சையம்மாள் முந்திக்கொண்டாள். "சோறு அனுப்ப வேணாம் மாமா. ஆக்கிப்போட நான் கூடப் போறேன்."

அந்த வீட்டை வெறியோடு முடித்தேன். கட்டையின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை நான் செதுக்கினேன். வாச்சிப் பிடிக்குத் துணி சுற்றச் சொன்னார் டாக்டர். வேலை முடிந்ததும் கையைக் கண்ணால் பார்க்கச் சொன்னார். வருடக்கணக்கில் டாப்சோன் (தொழுநோய்க் கிருமியை அடக்கும் மாத்திரை) தின்றேன். இரண்டாம் வருடம் ரியாக்‌ஷன் (உடம்பு கிருமியோடு சண்டையிட்டு நரம்பு வீங்குவது) வந்தது. முழங்கை நெருப்பாக எரிந்தது. சுட்டபோது வலிக்காத கை, சும்மா கிடந்தபோது வலித்தது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? கையில் தகடு வைத்துக் கட்டிப் படுத்திருந்தேன். ஊரிலிருந்து ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் டாக்டர், "உங்க உடம்புல இப்ப நோய் இல்லீங்க. மாத்திரைய நிறுத்திடலாம்" என்றார். இரண்டு விரல்கள் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன. மீதிக் கையைக் காப்பாற்றிக்கொண்டேன்.

செய்தி ஊருக்குள் போன வாரமே அண்ணன் வந்தார். அத்தனை வருடத்தில் அதுதான் முதல்முறை. சுவரைத் தடவிப் பார்த்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"ஜோரா பண்ணியிருக்கடா. உனக்குத்தான் சரியாயிடுச்சே, ரெண்டு பேரும் ஊட்டுக்கே வந்துடுங்க. பெரியவனுக்குப் பொண்ணு பாத்துட்டோம். புதுசா கல்யாணம் ஆனதுங்க இங்க இருக்கட்டும்."

வலது கையை அவர் முன்னால் நீட்டினேன்.

"இந்தக் கையப் புடிச்சிப் பாருண்ணா. புடிச்சீன்னா இப்பவே சாவிய குடுத்துடறேன்."

அவர் கையைப் பார்த்தார், பச்சையம்மாளைப் பார்த்தார். "எதுக்குடா இந்தப் பேச்செல்லாம்" என்று தோள் துண்டை உதறிக்கொண்டு இறங்கினார். அவர் கிணற்றைத் தாண்டும்வரை கையை நீட்டியபடியே நின்றேன்.

மற்றவர்களுக்கு அடிபட்டால் உடம்பு உடனே சொல்லிவிடும். எனக்குச் சாயங்காலம் வெளிச்சத்தில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். காலையில் பட்ட காயம் எனக்கு அந்திக்குத்தான் நடக்கிறது. இத்தனை வருடமாக ஒவ்வொரு நாளையும் இப்படித் தாமதமாகவே வாழ்கிறேன்.

அன்றும் பார்த்தோம். சுண்டுவிரல் முட்டியில் தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது.

"அவரு போனதும் செவுத்துல குத்தினீங்க இல்ல?" என்றாள் பச்சையம்மாள்.

குத்தியது நினைவிருந்தது. இவ்வளவு பலமாகக் குத்தினேன் என்பது கண்ணால் பார்த்தபிறகுதான் தெரிந்தது. அவள் அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக் கழுவி, துணி கட்டினாள். புண் ஆற பதினோரு நாள் ஆயிற்று. அண்ணன் திரும்பி வரவில்லை. சாவி அவள் இடுப்பில் இருக்கிறது.