சுகமாகாமலே நடந்த ஸ்தோத்திரக் கூட்டம்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினருக்கும் சபையாருக்கும் நண்பர்களுக்கும் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. மூன்று தாள்களைக் கிழித்தாயிற்று. ‘பொறுமையின் சிகரம்’ என்றெல்லாம் எழுதினேன். படித்தால் அக்கா சிரித்திருப்பார். நடந்ததையே எழுதிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது ஆனேக்கல்லில். வீட்டில் அவர் மூத்தவர், நான் கடைசி. வேலை தேடி அப்பா நீலசந்திராவுக்குக் குடிவந்தபோது அக்காவுக்குப் பத்து வயது. ஆட்டோ ஓட்டிய மாமாவைக் கைப்பிடித்தார். இரண்டு பெண் பிள்ளைகள். ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸில் தையல் வேலை. ஒரு தையல் கோணினாலும் முழுவதும் பிரித்து மறுபடி தைப்பார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

தொண்ணூறுகளின் கடைசியில் மாமாவின் வலது பாதத்தில் சர்க்கரைப் புண் வந்தது. ஆறாமல் பரவியது. அக்காவும் நானும் வெள்ளிதோறும் உபவாசம் இருந்தோம். ஒரு வாரம் புண் சற்றுக் காய்ந்த மாதிரித் தெரிந்தது. அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிறு ஆராதனையில், ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்லும் நேரத்தில் எழுந்து, “மாமா காலை ஆண்டவர் சுகமாக்கிட்டார். சனிக்கிழமை அக்கா வீட்டுல ஸ்தோத்திரக் கூட்டம், எல்லாரும் வாங்க” என்று அறிவித்துவிட்டேன். நடக்கும் முன்பே விசுவாசத்தோடு நன்றி சொல்லிவிட்டால் அது நடந்தேவிடும் என்பது எங்கள் சபைப் பெண்களிடம் ஒரு நம்பிக்கை. அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆண்டவருக்கே நாள் குறித்துக் கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை மருத்துவர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், திங்கட்கிழமையே அறுவை என்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“கூட்டம் வேணாங்க்கா. பாஸ்டர்கிட்ட சொல்லி நிறுத்திடறேன்.”

“யாரக் கேட்டு கூப்ட்ட? இப்ப யாரக் கேட்டு நிறுத்தற?”

“வர்றவங்க இன்னா கேப்பாங்க? என் மூஞ்ச எங்கக்கா வெச்சிக்கறது?”

“ஒம் மூஞ்சா டீ இப்ப முக்கியம்? அவரு காலு போவுது. சும்னிரு. வரட்டும்.”

அக்கா கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

சனிக்கிழமை மாலை வீடு நிறைந்துவிட்டது. மாமா கட்டிலில், கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தார். நான் குஸ்கா அண்டாவைப் பார்க்கிற சாக்கில் சமையலறையில் ஒளிந்துகொண்டேன். பாட்டு முடிந்ததும் அக்கா எழுந்தார்.

“எங்க வூட்டுக்காரருக்கு சொகமாவல. திங்கக்கெழம கால எடுக்கறாங்க. தங்கச்சி ஆசப்பட்டு சொல்லிட்டா, அவள யாரும் ஒண்ணும் கேக்காதீங்க. ரெண்டு நாளா எனக்கு ஜெபம் வரல. முட்டி போட்டா அழுகதான் வருது. எங்கிட்ட பெலன் இல்ல. ஆண்டவரு தூக்கினாத்தான் எழுந்திருப்பேன். எனக்காவ நீங்க ஜெபம் பண்ணுங்க.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். சாட்சி என்றால் வெற்றியில் முடிய வேண்டும். இதற்கு எந்த இடத்தில் ஆமென் சொல்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. போதகர் தொண்டையைச் செருமினார். அப்போது அக்காவோடு கார்மெண்ட்ஸில் வேலை செய்த ஒரு பெண், வாராவாரம் சத்தமாகச் சாட்சி சொல்கிறவர், மெதுவாகச் சொன்னார்: “எம் மவன் குடிய வுட்டுட்டான்னு போன மாசம் சொன்னேன். வுடல.”

அவர் முழங்காலில் நின்றார். ஒவ்வொருவராக எல்லாரும் நின்றார்கள். நானும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அக்காவின் பக்கத்தில் மண்டியிட்டேன். அழகான வார்த்தைகள் எதுவும் அன்று யாருக்கும் வரவில்லை. அழுதோம், கேட்டோம், பிறகு சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை மாமாவின் கால் போனது. உயிர் தங்கியது. இன்றும் ஊன்றுகோலோடு நம்மிடையே இருக்கிறார். அதன் பின் குடும்பத்தைத் தாங்கியது அக்காவின் தையல் மெஷின். எல்லா நாளும் அவர் தைரியமாக இருந்தார் என்று எழுதினால் பொய். வேதத்தைத் திறக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த காலைகள் உண்டு. “ஆண்டவரே, இன்னிக்கு என்னால முடியல, நீதான் பாத்துக்கணும்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்புவார். அப்படி ஏழு வருடம் போனது.

பிறகு அக்காவின் வயிற்றில் கட்டி என்றார்கள். எனக்குப் பழையபடி பரபரப்பு. படுக்கையருகில் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தேன்.

“இன்னா டீ, மறுபடியும் கூட்டத்துக்கு நாள் குறிச்சிட்டியா?” என்று கேலி செய்தார்.

“இல்லக்கா. பயமாக்கீது.”

“எனக்குந்தான். வா, ஆண்டவருகிட்ட சொல்லலாம்.”

இருவரும் சொன்னோம். இரண்டு வாரத்தில் அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

இரத்தம் கொடுத்த சபைப் பிள்ளைகளுக்கும், முறை வைத்து ஆஸ்பத்திரியில் உட்கார்ந்த சகோதரிகளுக்கும், தையல் பிரிவுத் தோழிகளுக்கும், போதகருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆறுதல் அடைந்துவிட்டோம் என்று இந்த இடத்தில் எழுத வேண்டுமாம். எனக்கு இன்னும் ஆறவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறேன். எனக்காக நீங்கள் ஜெபம் பண்ணுங்கள்.

தங்கை