என் கணவர் இருந்த பிராக்

என் கணவருக்குப் பிராக் நகரத்தை எங்கள் கலியாணத்துக்கு முன்பிருந்தே தெரியும். அப்படித்தான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்களைத் தெரிந்த அத்தனை பேரும் நம்பினார்கள். பிறந்தநாளோ வீடு குடிபுகுதலோ, எந்தக் கொண்டாட்டமானாலும் சாப்பாடு முடிந்து ஆண்கள் வீட்டுக்கு அடியிலுள்ள பேஸ்மென்றில் வட்டமாக உட்கார்ந்தவுடன் யாராவது எடுத்துக் கொடுப்பார்கள்: "அண்ணை, அந்தப் பிராக் கதையை ஒருக்காச் சொல்லுங்கோ." இவரும் ஒப்புக்குக் கொஞ்சம் மறுத்துவிட்டுத் தொடங்குவார்.

கதை இதுதான். அகதியாகக் கனடாவுக்கு வரும் வழியில், காசுக்கு ஆட்களைக் களவாக எல்லை கடத்துகிற ஏஜென்சிக்காரன் இவரோடு சேர்த்து ஏழு பேரை ஒரு குளிர்காலம் முழுக்கப் பிராக்கில் ஒரு மாடி வீட்டில் அடைத்து வைத்திருந்தான். வெளியே போகக் கூடாது, சத்தம் போடக் கூடாது, யன்னல் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. பாணும் உருளைக்கிழங்கும் அவனுடைய ஆள் கொண்டுவந்து வைப்பான். திரைச்சீலை இடுக்கால் பார்த்தால் ஒரு தெரு வளைவும் தூரத்தில் ஒரு பச்சைக் கோபுரமும் தெரியும். அந்தத் தெருவில், கூரையில் இரண்டு நீளத் தடி வைத்த பஸ் ஒன்று ஓடும். மேலே போகும் மின்கம்பியைத் தடிகள் தொட்டுக்கொண்டிருந்தால்தான் பஸ் நகரும். வளைவில் திரும்பும்போது தடி கழன்றுவிடும். உடனே பருத்த ஒரு பெண் சாரதி இறங்கி, வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டு, பின்னால் தொங்கும் கயிற்றை இழுத்துத் தடியைத் திரும்பக் கம்பியில் பொருத்துவாள். ஏழு பேரும் அவளுக்கு மாமி என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு மாமியின் தடி கழலுமா கழலாதா என்று உருளைக்கிழங்கு வைத்துப் பந்தயம். மாமி கயிறு இழுப்பதை இவர் எழுந்து நின்று நடித்துக் காட்டுவார். எத்தனை தரம் கேட்டவர்களும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள்.

நான் சிரிப்பதை விட்டுக் கனகாலம். கதையில் அவர் சொல்லாமல் விடும் பகுதி எனக்குத் தெரியும். அந்த ஏழு பேரில் ஒருவர் இவருடைய பள்ளித் தோழர். அந்த வீட்டில் அவருக்குக் காய்ச்சல் வந்து, சளி நெஞ்சில் கட்டி, மூச்சு விடவே கஷ்டமாகிவிட்டது. ஒரு பின்னேரம் ஏஜென்சிக்காரனின் ஆள் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனான். இவர் தன்னுடைய ஸ்வெற்றரைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டாராம். கொஞ்ச நாள் கழித்து ஏஜென்சிக்காரன் வந்து, ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது என்றான். கனடா வந்து சேர்ந்ததும் அந்தச் செய்தியைத் தோழருடைய அக்காவுக்குச் சொன்னவர் இவர்தான். அக்கா இப்போது எங்களுக்குப் பக்கத்து ஊர் பிக்கரிங்கில் இருக்கிறார். வருடம் தவறாமல் தம்பிக்குத் திவசம் கொடுக்கிறார். திவசச் சாப்பாட்டுக்கு முதல் ஆட்களாகப் போய் இறங்குவது நாங்கள்.

சென்ற வருடம் எங்கள் முப்பதாவது கலியாண நாளுக்கு மகள் பிராக்குக்கு விமான டிக்கெட்டும் ஹோட்டலும் எடுத்துத் தந்தாள். மே மாத லோங் வீக்கெண்டுக்கு. "அப்பா, உங்கட பிராக். திஸ் டைம் வெளியில நடக்கலாம். ஜஸ்ட் என்ஜோய், ஓகே?" என்றாள். இவர் வாயெல்லாம் பல்லாக நின்றார். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். முப்பது வருடத்தில் நாங்கள் ஐரோப்பாவுக்கு நாலைந்து தரம் போயிருக்கிறோம். எல்லாம் கலியாண வீடும், பெட்டைகள் பெரியபிள்ளையான சாமத்திய வீடும். பாரிஸில் நான் பார்த்தது சித்தப்பாவின் சோபாவையும் மச்சாளின் குசினி அடுப்பையும்தான். சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத ஊரில், இரண்டு நாள், நாங்கள் இருவர் மட்டும். பாலத்தில் நடக்க வேண்டும், ஆற்றில் படகில் போக வேண்டும் என்றெல்லாம் யூடியூப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தேன்.

புறப்படுவதற்கு முன் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து இவர் கையில் வைத்தார். விபூதியும் கற்பூரமும்.

"தம்பி, அந்த வீட்டு வாசலிலை இதைக் கொளுத்தினால் காணும். ஒரு படமும் எடுத்துக்கொண்டு வா. அவன் கடைசியா இருந்த இடத்தை நான் ஒருக்காப் பாக்க வேணும்."

"கட்டாயம் அக்கா" என்றார் இவர். அவ்வளவுதான், என் பாலமும் படகும் போயிற்று என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது.

வெள்ளைப் பொடியோடு விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நான் படபடத்ததில் பாதி வழி போனது. யாரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பிராக்கில் இறங்கியதும் இவருடைய நடை மாறிவிட்டது. பொலிஸ்காரரைக் கண்டால் மறுபக்கத்துக்குக் கடந்தார். ட்ராமில் நான் வாய் திறந்தால் "மெல்லக் கதையும்" என்றார். கனடியப் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பைக்குள் கையால் பொத்திக்கொண்டே திரிந்தார். எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டோம். இவர் முன்னால், நான் பின்னால். கற்கள் பதித்த அந்தத் தெருக்களில் என் முழங்கால் படுகிற பாடு இவருக்குத் தெரியவே இல்லை. அவருடைய கண் கூரைகளிலேயே இருந்தது. பழைய நகரச் சதுக்கத்தில் பெரிய மணிக்கூட்டுக்குக் கீழே உலகமே கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றது. மணி அடிக்கும்போது மேலே யன்னல் திறந்து பொம்மைகள் வரும். அதற்குச் சில நிமிடங்களே இருந்தன.

"இஞ்சாருங்கோ, இதை மட்டும் பாத்திட்டுப் போவமே."

"பொம்மை எங்கயும் ஓடாது. நீர் வாரும்."

முதுகுக்குப் பின்னால் மணி அடிப்பதும் சனங்கள் ஆவென்று சத்தம் போடுவதும் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் அந்தச் சதுக்கத்திலேயே சண்டை பிடித்திருப்பேன்.

பச்சைக் கோபுரம் என்று ஒன்றைச் சொல்லிக்கொண்டு வந்தாரே, அந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சைக் கோபுரம். பெரிதும் சின்னதுமாக, உருண்டையும் கூருமாக. ஒவ்வொன்றையும் கண்டு "உதுதான்" என்பார். அதை நோக்கி நடப்போம். கிட்டப் போனதும் "இல்லை, உது இல்லை" என்பார். ட்ராம் ஏறினோம், கடைசி வரை போனோம், திரும்பி வந்தோம், வேறு ட்ராம் ஏறினோம். சன்னி கண்டவர் மாதிரி யன்னலுக்கு யன்னல் மாறி உட்கார்ந்தார். பின்னேரம் ஒரு சுவரோரம் நான் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அவர் மெதுவாகச் சொன்னார்: "இஞ்ச மின்கம்பிக்குக் கீழ ஓடுறதெல்லாம் தண்டவாளத்திலதான் ஓடுது. மாமியின்ர பஸ் ஒண்டையும் காணேல்லை."

"எத்தினை வருசமாச்சு. மாத்தியிருப்பாங்கள்" என்றேன். எனக்குள்ளும் அப்போதே ஏதோ இடறியது.

ஞாயிறு காலை ஹோட்டல் வரவேற்பு மேசையில் ஒரு பெண் இருந்தாள். எங்கள் வயதுதான் இருக்கும். இவர் தன் ஆங்கிலத்தில் தொடங்கி, பாதியில் சொல் வராமல், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கித் தடி மாதிரி வைத்து, பிறகு கயிறு இழுத்துக் காட்டினார். பேஸ்மென்றில் சிரிப்பு வரவைக்கும் அதே நடிப்பு. அவளுக்கும் சிரிப்பு வந்தது. விளங்கிக்கொண்டு, அந்த பஸ்கள் இங்கே தன் சின்ன வயதில் ஓடியவை என்றாள். தான் பள்ளிக்கூடம் போகத் தொடங்குகிற காலத்தோடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்களாம். இப்போதுதான் எங்கோ நகரத்து ஓரத்தில் மறுபடி விட்டிருக்கிறார்களாம். இவர் தான் இருந்த காலத்தைச் சொல்லி, அப்போது ஓடியதா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். இல்லவே இல்லை என்றாள். இந்தப் பக்கத்தில் எத்தனையோ ஊர்களில் அது ஓடியது, நீங்கள் வேறு ஊரில் பார்த்திருப்பீர்கள் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனித்தாள்.

இவர் வெளியே வந்து ஹோட்டல் படியில் குந்திவிட்டார்.

"நீங்கள் அங்க ஒரு போர்டும் பாக்கேல்லையோ? ஒரு பேர், ஒரு எழுத்து?"

"இருட்டில ஒரு வான் வண்டிக்குள்ள போட்டுக் கொண்டுவந்தவன். இருட்டில கொண்டுபோனவன். பிராக் எண்டு அவன் சொன்னான். நாங்களும் சரி எண்டம்."

அதற்கு மேல் நான் என்ன கேட்பது? நாட்டை விட்டு வந்த எங்கள் சனம் எல்லாமே ஏஜென்சிக்காரன் சொன்னதை நம்பித்தான் வந்தது. அவன் கீழே படு என்றால் படுத்தது, ஓடு என்றால் ஓடியது. ஊர்ப் பெயரில் அவன் பொய் சொல்லுவான் என்று யார் நினைத்தார்கள்? பிடிபட்டால் உண்மையை உளறிவிடுவார்கள் என்று வேண்டுமென்றே மாற்றிச் சொன்னானோ, வாய்க்கு வந்ததைச் சொன்னானோ, யாருக்குத் தெரியும்.

நான் நடைமுறையாக யோசிக்கிற ஆள். எனக்கு அக்காவின் முகம்தான் முன்னால் நின்றது. அழுவதற்கு என்று அந்த மனுசிக்கு ஒரு ஊர் இருந்தது. அதையும் பிடுங்கிக்கொண்டு போய் நிற்கப் போகிறோமா?

"ஏதாவது ஒரு பழைய வீட்டு வாசலைப் படம் எடுங்கோ. கற்பூரத்தைக் கொளுத்துவம். அக்காவுக்கு என்ன தெரியப் போகுது?"

அவர் எழுந்து வந்தார். இரண்டு தெரு தள்ளி, வளைவில் ஒரு மஞ்சள் மாடி வீடு. வாசலுக்கு முன்னால் போய் நின்று ஃபோனைத் தூக்கினார். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்துவிட்டு இறக்கினார்.

"ஏலாதப்பா" என்றார்.

அதற்குப் பிறகு என் சுற்றுலாவை எனக்குக் கொடுத்தார். பாலத்தில் நடந்தோம். படகில் ஏறினோம். நான் ஆசைப்பட்டதெல்லாம் கண்ணுக்கு முன்னால் போனது, ஒன்றும் மனதில் ஒட்டவில்லை. படகில் எல்லோரும் கோட்டையைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, இவர் தண்ணீரைப் பார்த்தபடி கேட்டார்: "அப்ப நாங்கள் எங்கையப்பா இருந்தனாங்கள்?" நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

ரொறன்ரோ திரும்பிய அடுத்த நாளே அக்கா ஃபோன் எடுத்துவிட்டார். சனிக்கிழமை வருகிறோம் என்றோம். அந்தக் கிழமை முழுக்க வீட்டில் எங்களுக்குள் இழுபறி. படம் அழிந்துவிட்டது என்று சொல்லுங்கோ என்றேன் நான். வீட்டை இடித்துவிட்டார்கள் என்று சொல்லுங்கோ என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். காரில் போகும்போதும் நான் சொல்லிக்கொடுத்துக்கொண்டே போனேன். கேட்டாரோ இல்லையோ, நெடுஞ்சாலையில் பிக்கரிங் எக்ஸிட்டைத் தவறவிட்டு அடுத்த எக்ஸிட்டில் இறங்கித் திரும்பி வந்தார்.

அக்கா வடை சுட்டு வைத்திருந்தார். ஹோல் சுவரில் தம்பியின் படம். சாமத்திய வீடொன்றில் எடுத்த படத்தை வெட்டிப் பெருப்பித்தது. பிளாஸ்ரிக் மாலை, கீழே எந்நேரமும் எரிகிற சின்ன மின்விளக்கு. நாங்கள் உட்காரவும் விடவில்லை.

"எங்கை தம்பி, அந்த வீட்டுப் படம்?"

நான் வாயெடுக்க முன் இவர் சொல்லிவிட்டார். "அக்கா, நாங்கள் இருந்தது பிராக் இல்லை." பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மாமியின் பஸ், தண்டவாளம், ஹோட்டல் பெண் சொன்னது, மஞ்சள் வீடு, எல்லாம். பொட்டலத்தை அப்படியே எடுத்து மேசையில் வைத்தார். இப்போது குழறி அழப் போகிறார், பிடிக்க வேண்டும் என்று நான் அக்காவின் பக்கத்தில் போய் நின்றேன்.

அக்கா அழவில்லை. பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிராக் எண்டு ஆர் சொன்னது?"

"ஏஜென்சிக்காரன் அக்கா."

"தம்பி முடிஞ்சுபோனான் எண்டு?"

"அதுவும்... அவன்தான் அக்கா."

"நீ கண்ணாலை பாக்கேல்லைத்தானே?"

"இல்லை அக்கா."

அக்கா எழுந்து போனார். சுவரோரம் குனிந்து மின்விளக்கின் பிளக்கைக் கழற்றினார். சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றை இழுத்து வைத்து அதில் ஏறினார். விழுந்துவிடுவார் என்ற பயத்தில் நான் ஓடிப்போய்க் கதிரையைப் பிடித்தேன். மாலையைக் கழற்றி என் கையில் தந்தார். "அக்கா, அப்பிடியில்லை, இவ்வளவு வருசம்..." என்று இவர் தொடங்கினார். உயிரோடு இருந்தால் ஒரு ஃபோனாவது எடுத்திருப்பாரே என்று அவர் சொல்ல வந்தது எனக்குத் தெரியும்.

அக்கா கதிரையில் நின்றபடியே திரும்பி இவரைப் பார்த்தார்.

"உன்ரை ஸ்வெற்றரோடைதானே போனவன். அது என்ன நிறம்?"

"நீலம், அக்கா."

"நீலம்" என்றார் அக்கா, காணாமல் போன ஒருவரின் அடையாளத்தைக் குறித்துக்கொள்கிறவரைப் போல.